மின்சிக்கனமும் சிதையும் ஓசையும்

நம் இல்லங்கள் பலவற்றில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஹோம் தியேட்டர் ரிசீவரும் இடம்பெற்றுவிட்டது. மின்கட்டணத்தை எண்ணிக் கவலையுறுவோர் அதிலுள்ள ‘ஈக்கோ’ என்னும் மின்சிக்கன முறையை இயக்கிவைக்கின்றனர். உரையாடல் தெளிவாகவே கேட்கிறது. ஆனால் இடியோசையோ பேரிரைச்சலோ எழும்போது ஒலி கரகரத்துச் சிதைகிறது. ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதெனக் கருதிப் புதியது வாங்கப் புறப்படுவோரும் உண்டு. குறை ஸ்பீக்கரிடம் இல்லாமலும் இருக்கலாம்.

ரிசீவர் மௌனமாயிருக்கும் வேளையிலும் அதன் டிரான்ஸிஸ்டர்களில் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. பெட்டியின் மேற்புறம் சுடுவது இதனால்தான். ஈக்கோ முறையில் பல ரிசீவர்கள் ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் வோல்ட் அளவைக் குறைத்துக்கொள்கின்றன. வெப்பம் தணிகிறது, மின்சாரம் மிஞ்சுகிறது.

எனினும், கூரையைத் தாழ்த்திய வீட்டில் குழந்தைகள் தடையின்றி உலவலாம். நெடியவர் நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒலியின் நிலையும் அதுவே. வீட்டில் உரையாடலைக் கேட்க 1 வாட் ஆற்றல்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் ஓசை 20 டெசிபல் உயர வேண்டுமாயின் 100 மடங்கு ஆற்றல் வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் அளிக்க அலையின் உச்சி 40 வோல்ட்டை எட்ட வேண்டும். அந்த எல்லையை 20 வோல்ட்டாகக் குறைத்தால் ஆற்றல் பாதியாகாது. கால்பங்காகி 25 வாட்டில் நின்றுவிடும். அதற்கு மேல் எழும் அலைகளின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிவிடும். அதுவே நாம் கேட்கும் கரகரப்பு. இவ்வாறு வெட்டுண்ட அலையில் மூல ஒலியில் இல்லாத உயர் அதிர்வுகள் பிறக்கின்றன. அவை நீடித்தால், மெல்லிய கம்பிச் சுருள் கொண்ட ட்வீட்டர் சூடேறிக் கருகவும் கூடும்.

இதனைச் சோதித்தறிவது எளிது. ஒரே காட்சியை, ஒரே ஒலியளவில், ஈக்கோவை நிறுத்தி மீண்டும் கேட்டுப் பாருங்கள். கரகரப்பு மறைந்தால் காரணம் தெளிவாகிவிடும். மறையாவிடில் ஒலியளவு, கம்பி இணைப்பு, ஸ்பீக்கர் ஆகியவற்றை முறையே ஆராய வேண்டும். சில ரிசீவர்களில் ஒலியளவுக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும் ‘ஆட்டோ’ முறையும் உண்டு. அன்றாடப் பயனுக்கு அது ஏற்றது. இரவில் தாழ்ந்த ஒலியில் கேட்போர் ஈக்கோவைத் தயக்கமின்றி வைத்துக்கொள்ளலாம்.

சிக்கனத்திற்கு வேறொரு வழியும் உண்டு. ஈக்கோ முறை 20 வாட் மிச்சப்படுத்துவதாகவும், நாள்தோறும் 3 மணி நேரம் ரிசீவரை இயக்குவதாகவும் கொள்வோம். 30 நாட்களில் மிஞ்சுவது 1.8 யூனிட். ரிமோட்டினால் அணைத்தபின் எஞ்சிய 21 மணி நேரமும் ரிசீவர் 5 வாட் உட்கொள்வதாயின், வீணாவது 3.15 யூனிட்! வலைத்தொடர்பு, எச்.டி.எம்.ஐ. கடத்தல் போன்ற வசதிகள் விழித்திருக்கையில் காத்திருப்பு நிலையின் மின்செலவு உயர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டின் விதியொன்றினால், சாதாரணக் காத்திருப்பு நிலைக்கு 2013 முதல் 0.5 வாட் என எல்லை வகுத்தது இத்தகைய வீணடிப்பைத் தடுக்கவேயாம்.

ஆகவே, தேவையற்ற அவ்வசதிகளை நிறுத்திவையுங்கள். ரிமோட்டினால் அணைத்துச் சற்று நேரம் கழித்துச் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கேட்கும் வேளையில் ஒலிக்கு வேண்டியதைக் கொடுங்கள். கேளாத வேளையில் ஒரு வாட்டும் கொடாதீர்கள்.