வேகமும் எல்லையும்

நுழையும்முன்

ஒரு கருவியிடம், அதன் உறையில் குறிக்கப்பட்ட அளவுக்கு மேலும் வேலை வாங்க இயலுமா? இயலும், ஆனால், அக்கருவியின் வலிமையை அளந்தறிந்தவரால்தான் இயலும். மேசைக்கணினியின் நுண்செயலியையும் நினைவகத்தையும் குறிக்கப்பட்ட வேகத்தைக் கடந்து இயக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது. வேகத்தைக் கூட்டுவதைவிட, கூட்டிய வேகத்தில் கணினி பிழையின்றி இயங்குகிறதா எனச் சோதிப்பதே இக்கலையின் உயிர் என்பதையும் உணர்த்துகிறது.

தாளமும் துடிப்பும்

இசை பயிலும் மாணவர் ஒரு வரிசையை முதலில் முதற்காலத்தில் பாடுவார். பின்னர் அதையே இருமடங்கு வேகத்தில் இரண்டாம் காலத்திலும், நான்மடங்கு வேகத்தில் மூன்றாம் காலத்திலும் பாடுவார். காலம் உயர உயர, ஒவ்வொரு சுரத்திற்கும் கிடைக்கும் நேரம் குறையும். பயிற்சி போதாதவரின் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து தெளிவிழக்கும்.

கணினியின் நுண்செயலியும் ஒரு தாளத்திற்கு இயங்குவதே. அத்தாளத்தைக் கடிகாரத் துடிப்பு என்பர். ஒரு துடிப்பு முடிந்து மறு துடிப்பு தொடங்குவதற்குள், உரிய டிரான்சிஸ்டர்கள் தம் நிலையை மாற்றியாக வேண்டும். அவற்றின் விடை உரிய இடத்தைச் சென்றடைந்தாக வேண்டும். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் கணினியின் நுண்செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 48 இலட்சம் துடிப்புகளில் இயங்கியது. இன்றைய நுண்செயலி 4.5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும்போது, நொடிக்கு 450 கோடி துடிப்புகள் நிகழ்கின்றன. அத்தகைய ஒரு துடிப்பின் நேரத்தில் ஒளிகூட 7 சென்டிமீட்டருக்கும் குறைவான தொலைவையே கடக்கும்.

உற்பத்தியாளர் குறித்த துடிப்பளவைக் கடந்து ஓர் உறுப்பை இயக்குவதை 'ஓவர்கிளாக்கிங்' என்பர். தமிழில் இதனை மிகைவேக இயக்கம் எனலாம்.

மறைந்திருக்கும் வலிமை

குறித்த அளவைவிட மிகுதியாக இயங்கும் ஆற்றல் நுண்செயலிக்கு எங்கிருந்து வந்தது? ஒரே சூளையில் வெந்த செங்கற்கள் எல்லாம் ஒரே உறுதி உடையன அல்ல. அதுபோல், ஒரே சிலிக்கான் தகட்டில் உருவாகும் சில்லுகளும் ஒரே திறன் உடையன அல்ல. உற்பத்தியாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார். வெப்பமான அறையிலும், பல ஆண்டுப் பயன்பாட்டிற்குப் பின்னும் பிழையின்றி இயங்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு சில்லின் உச்ச ஆற்றலுக்குச் சற்றுக் கீழேயே வேகத்தைக் குறிக்கிறார். இந்த இடைவெளியே பாதுகாப்பு இடைவெளி. மிகைவேக இயக்கம் என்பது அவ்விடைவெளியிலிருந்து கடன் வாங்குவதே.

1998ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 'செலரான் 300ஏ' இதற்குப் புகழ்பெற்ற சான்று. தாய்ப்பலகை தரும் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கியால் பெருக்கக் கிடைப்பதே நுண்செயலியின் வேகம். 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பும் 4.5 என்னும் பெருக்கியும் சேர்ந்து இச்சில்லுக்கு 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தந்தன. அதன் பெருக்கியை மாற்ற இயலாது. ஆயினும், அடிப்படைத் துடிப்பை 100 ஆக உயர்த்திய பயனர்கள் 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தைப் பெற்றனர். விலை குறைந்த சில்லு, விலை உயர்ந்த சில்லுக்கு இணையாக ஓடியது.

இன்று நிலைமை மாறியுள்ளது. இன்றைய நுண்செயலிகள் வேலைப்பளுவையும் வெப்பத்தையும் கண்காணித்துத் தம் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. உற்பத்தியாளரே அவ்விடைவெளியின் பெரும்பகுதியைப் பயன்படுத்திவிடுவதால், நாம் பெறக்கூடிய கூடுதல் வேகம் சிறிதே. இதனை அறிந்து தொடங்குபவர் ஏமாற்றம் அடையார்.

| தெரிந்து தெளிவோம் |
| 1984ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் 'ஏடி' கணினி 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதன் துடிப்பைத் தந்த படிகத்தைக் கழற்றி, வேகமான வேறொரு படிகத்தைப் பொருத்திச் சில பயனர்கள் கூடுதல் வேகம் பெற்றனர். பின்னர் ஐபிஎம் நிறுவனம், அவ்வாறு வேகம் கூட்டிய கணினி தொடங்காதபடி அதன் அடிப்படை நிரலை மாற்றியமைத்தது. |

வெப்பம் என்னும் விலை

துடிப்பைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாற வேண்டும். அதற்குப் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் சிறிது உயர்த்த நேரும். இங்குதான் விழிப்பு வேண்டும். நுண்செயலியின் இயக்கத்திற்குச் செலவாகும் மின்திறன் துடிப்பளவுக்கு நேர்விகிதத்தில் கூடும்; ஆனால், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். இரண்டையும் பத்து விழுக்காடு உயர்த்தினால் 1.1 × 1.1 × 1.1 = 1.331. பத்து விழுக்காடு வேகத்திற்காக முப்பத்து மூன்று விழுக்காடு கூடுதல் மின்திறனைச் செலவிடுகிறோம். அது முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும்.

காற்றால் குளிரும் கணினி, அறையின் வெப்பநிலைக்குக் கீழே செல்ல இயலாது. எனவே, மார்கழியில் நிலையாக இயங்கிய அமைப்பு சித்திரையில் தடுமாறக்கூடும். பல நுண்செயலிகள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்நிலையில், கூட்டிய வேகம் பயனற்றுப் போகும். அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தமோ சில்லின் ஆயுளையே குறைக்கும்.

தொடங்கும் முன்னர்

எல்லாக் கணினிகளும் இதற்கு ஏற்றவை அல்ல. இன்டெல் நுண்செயலிகளுள் பெரும்பாலும் பெயரில் 'கே' என்னும் எழுத்தைக் கொண்டவையே பெருக்கியை உயர்த்த இடமளிக்கும். அதற்கேற்ற தாய்ப்பலகையும் வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் 'ரைசன்' மேசைக்கணினிச் செயலிகளுள் பெரும்பாலானவை இடமளிக்கும். மடிக்கணினியில் இம்முயற்சி வேண்டா. மிகைவேக இயக்கத்தால் விளையும் பழுதுக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொருந்தாமல் போகலாம். வீட்டார் அனைவரும் பயன்படுத்தும் கணினியாயின், அவர்தம் இசைவின்றித் தொடங்குதல் முறையன்று. முதன்மையான கோப்புகள் அனைத்தையும் வேறொரு சேமிப்பகத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

படிப்படியாக உயர்த்துதல்

முதலில், எந்த மாற்றமும் செய்யாத நிலையில் கணினிக்கு முழு வேலைப்பளு தந்து, அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். தூசி படிந்த விசிறி, உலர்ந்த வெப்பப்பசை ஆகியவற்றை அப்போதே சீர்செய்ய வேண்டும். அடுத்து, கணினி தொடங்கும்போது 'பயாஸ்' அமைப்பிற்குள் சென்று பெருக்கியை ஒரே ஒரு படி உயர்த்த வேண்டும். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ் ஆயின், ஒரு படி என்பது 100 மெகாஹெர்ட்ஸ் உயர்வாகும். பின்னர்ச் சோதனை, பின்னரே அடுத்த படி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும்; இரண்டை ஒருங்கே மாற்றினால், பிழைக்குக் காரணம் எதுவென அறிய இயலாது. ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் விளைவையும் குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று.

கணினி தடுமாறினால் முந்தைய படிக்குத் திரும்புவதே தொடக்கநிலையினர்க்கு உகந்தது. கணினி தொடங்கவே மறுத்தாலும் அஞ்ச வேண்டா. தாய்ப்பலகையின் கையேடு கூறும் முறைப்படி 'சிமாஸ்' அமைப்புகளை அழித்தால், அது பழைய நிலைக்குத் திரும்பும்.

நினைவகத்தின் வேகம்

நினைவகத்தில் இம்முயற்சி எளிதாகவே தொடங்குகிறது. 3600 எனக் குறிக்கப்பட்ட டிடிஆர்4 நினைவகத்தை வாங்கிப் பொருத்தினாலும், அது முதலில் அதனினும் குறைந்த பொது வேகத்திலேயே இயங்கும். உற்பத்தியாளர் சோதித்துப் பதிந்து வைத்த 'எக்ஸ்எம்பி' அமைப்பைப் பயாஸில் தேர்ந்தெடுத்தால்தான் குறிக்கப்பட்ட வேகம் கிட்டும். அப்போது மின்னழுத்தமும் பொது அளவான 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35 வோல்ட்டாக உயரும்.

எண் பெரிதாக இருப்பதனாலேயே நினைவகம் விரைவாக விடை தரும் எனக் கருதலாகாது. கேட்ட தரவு வருவதற்கு எத்தனை துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்பதைத் தாமத எண் காட்டும். 3200 நினைவகத்தின் துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ்; தாமத எண் 16 எனில், காத்திருப்பு 10 நானோநொடி. 3600 நினைவகத்தின் தாமத எண் 18 எனில், அதற்கும் அதே 10 நானோநொடிதான். நொடிக்குக் கடத்தும் தரவு கூடும்; முதல் விடைக்கான காத்திருப்பு குறையாது.

ஓசையற்ற பிழை

கணினி நின்றுபோவது தீங்கு எனினும், அது கண்ணுக்குத் தெரியும் தீங்கு. ஓடிக்கொண்டே தவறான விடை தருவதே பெருந்தீங்கு. நினைவகத்தில் ஓர் இலக்கம் 0 என்பதற்கு மாறாக 1 ஆனாலும், அப்பிழை சேமிக்கப்படும் கோப்பில் ஏறிவிடும். பல நாள் உழைத்து எழுதிய செயல்திட்டக் கோப்பு ஒருநாள் திறக்க மறுக்கும்போதுதான் அஃது உணரப்படும். அதற்குள் பிழையான கோப்பே படியாகவும் எடுக்கப்பட்டிருக்கலாம்.

எனவேதான், விடை முன்பே தெரிந்த கணக்கைக் கணினிக்குத் தந்து சோதிக்கின்றனர். மெர்சன் பகாஎண்களைத் தேடுவதற்காக உருவான 'பிரைம்95' என்னும் மென்பொருள் இவ்வாறே பயன்படுகிறது. கணினி கண்ட விடை, முன்பே அறிந்த விடையோடு பொருந்தாவிடில், உடனே பிழை எனக் கூறிவிடும். நினைவகத்தைச் சோதிக்க 'மெம்டெஸ்ட்86' உதவுகிறது. இச்சோதனைகளைச் சில மணி நேரமேனும் ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை தோன்றினாலும் அவ்வேகம் தகுதியற்றது. 'ஒன்றுதானே' என விடுவதற்கில்லை.

நிறைவாக

மிகைவேக இயக்கத்தால் கிட்டும் வேகம் சிறிதாக இருக்கலாம். ஆனால், அளந்து தொடங்குதல், ஒவ்வொன்றாக மாற்றுதல், சோதித்து உறுதிசெய்தல், தவறெனில் தயங்காது பின்வாங்குதல் ஆகிய பண்புகள் எந்த அறிவியல் முயற்சிக்கும் உரியவை. எல்லையைக் கடக்க விரும்புபவர் முதலில் எல்லை எங்குள்ளது எனக் கண்டறிய வேண்டும். பிழையான விடையை விரைந்து தரும் கணினியைவிட, சரியான விடையைச் சற்றுப் பொறுத்துத் தரும் கணினியே மேலானது.

கலைச்சொல் அறிவோம்

மிகைவேக இயக்கம் – ஓவர்கிளாக்கிங்
நுண்செயலி – மைக்ரோபிராசசர்
தாய்ப்பலகை – மதர்போர்டு
பெருக்கி – மல்டிபிளையர்
தாமத எண் – லேட்டன்சி

கற்பவை கற்றபின்

1. துடிப்பளவையும் மின்னழுத்தத்தையும் ஐந்து விழுக்காடு உயர்த்தினால் மின்திறன் எத்தனை விழுக்காடு கூடும் எனக் கணக்கிட்டு வகுப்பறையில் விளக்குக.
2. திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரத்தைப் படித்து, அதன் கருத்துகளை இப்பாடத்தோடு ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.
3. 'வேகமா, நம்பகமா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.