கோணிய முகமும் கோணாத மனமும்



காலையில் எழுந்து முகம் கழுவும்போது கொப்பளித்த நீர் கடைவாயால் வழிகிறது. கண்ணாடியைப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. ஒரு கண் மூட மறுக்கிறது. உங்கள் இல்லத்தில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தால் என்ன நினைப்பீர்கள்? பனிக்காற்றுப் பட்டுவிட்டது என்பார் பாட்டி. செய்வினை என்பார் அயலவர். இரண்டுமன்று. காதின் பின்புறத்து எலும்பினுள் ஒடுங்கிய வழியே வந்து முகத்தசைகளை இயக்கும் நரம்பு வீங்கி நெரிபடுவதே இது. அந்நரம்பின் தொழிலை 1821 இல் விளக்கிய ஸ்கொட்லாந்து அறுவை வைத்தியர் சார்ள்ஸ் பெல்லின் பெயரால் இதனைப் ‘பெல் வாதம்’ என்பர்.

எனினும் பாரிசவாதமும் வாயைக் கோணச் செய்யும். பெல் வாதத்தில் அப்பக்கத்து நெற்றியையும் சுருக்க இயலாது; பாரிசவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், கை கால் சோரும், பேச்சுக் குழறும். ஆனால் இதனை வீட்டிலிருந்தே தீர்மானிக்க முற்படாதீர்கள். 1990 ஐ அழைத்து உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பெல் வாதமாயின் ஸ்டெரொயிட் மாத்திரைகளை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் கழிக்கும் மூன்று நாட்கள் திரும்பி வாரா. மூடாத கண்ணே பேராபத்து; விழி வறண்டு புண்ணாகும். பகலில் துளிமருந்தும், இரவில் களிம்பிட்டு இமையை மூடி ஒட்டுதலும் அவசியம்.

பெரும்பாலானோர் சில கிழமைகளில், அல்லது சில மாதங்களில் நலமடைவர். சிலருக்கோ கோணல் நிலைத்துவிடுகிறது. அவர்களின் வேதனை தசையில் இல்லை. சிரித்தால் சினந்ததாகப் பிறர் எண்ணுவர். ஆகவே சிரிப்பதையே நிறுத்திவிடுவர். திருமணப் புகைப்படத்தில் நிற்கமாட்டார்கள். ஆலயத்தின் கடைசி வாங்கில், கைக்குட்டையால் வாயை மறைத்தபடி அமர்ந்திருப்பார்கள். அவர்களிடம் “இன்னும் சரிவரவில்லையா?” என்று ஞாயிறுதோறும் கேட்பது அன்பாகாது. அவர்களது முகத்தை நேரே பார்த்து, வழமைபோல ஊர்க்கதை பேசுங்கள். உணவு கன்னத்தில் தங்குவதால் அவர்கள் மெதுவாகவே உண்பர்; மேசையை விட்டு முந்தி எழாதீர்கள். இயன்மருத்துவப் பயிற்சிக்குத் துணையாகச் செல்லுங்கள்.

நம் உறவினர் பலர் வாழும் கனடாவில் நிகழ்ந்த ஒன்றையும் கூறவேண்டும். கியூபெக் மாநிலத்தின் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் 19 பிள்ளைகளுள் 18 ஆவதாகப் பிறந்தவர் ஜீன் கிரெட்டியன். சிறுவயதில் வந்த பெல் வாதம் அவர் வாயை நிரந்தரமாகக் கோணச் செய்தது. 1993 தேர்தலில், ஆளுங்கட்சியினர் அவரது முகத்தை அண்மையில் காட்டி, இவரா பிரதமர் என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தனர். கடவுள் தந்த குறையைச் சிறுவயது முதலே ஏற்றுக்கொண்டவன் தான் என்று அவர் அமைதியாகப் பதிலளித்தார். மக்கள் கொதித்தெழவே விளம்பரம் மீளப் பெறப்பட்டது. அத்தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 295 ஆசனங்களுள் 2 மட்டுமே கிடைத்தன. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டுதான். கிரெட்டியனோ அதே முகத்துடன் 2003 வரை பிரதமராக இருந்தார்.