எத்தனை நாளில் மாறும் மனம்?

“மூன்றே நாளில் குடியை மறக்கலாம்”, “21 நாளில் புதிய மனிதராகலாம்” என்று ஹிப்னோதெரபி விளம்பரங்கள் இப்போது நம் செல்போனுக்கே வந்துவிடுகின்றன. நம்பிப் பணம் கட்டலாமா என்று கேட்பவர்கள் விழுப்புரத்திலும் உண்டு, திண்டிவனத்திலும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாமல் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டால், நேர்மையான எந்த மருத்துவராலும் பதில் சொல்ல முடியாது.

அந்த 21-க்கு ஒரு பூர்வீகம் உண்டு. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகம் மாறிய நோயாளிகள் அதற்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ உதிர்ந்துபோய், எண் மட்டும் நிலைத்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு சின்னப் பழக்கம் படியவே இடைநிலை அளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம்.

அறிதுயிலுக்குள், அதாவது ஹிப்னாஸிஸுக்குள், போக அவ்வளவு நேரம் வேண்டாம். 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல், மயக்க மருந்து வராத காலத்தில், ஹிப்னாஸிஸின் முன்னோடியான மெஸ்மெரிசத்தை நம்பி அறுவை சிகிச்சை செய்தார். உதவியாளர்கள் நோயாளியின் உடல்மேல் மணிக்கணக்கில் கைகளை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். இன்று பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அறிதுயில் தூக்கமும் அல்ல. சொல்வதெல்லாம் நோயாளிக்குக் கேட்கும். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் மார்பக அறுவைக்கு வந்த 200 பெண்களிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. அறுவைக்கு முன் 15 நிமிட ஹிப்னாஸிஸ் பெற்றவர்களுக்கு வலியும் குமட்டலும் சோர்வும் மற்றவர்களைவிடக் குறைந்தன.

நாள்பட்ட தொல்லை என்றால் கணக்கு வேறு. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் ‘நார்மல்’ என்று வந்தும், பஸ் ஏறும் முன் வயிறு கலக்கும் ஐ.பி.எஸ். என்ற எரிச்சல் குடல் தொல்லையை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984இல் இந்தத் தொல்லை உள்ள 30 பேரிடம் ஹிப்னோதெரபியைச் சோதித்தார். மூன்று மாதத்தில் ஏழு அமர்வுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். நோயாளி கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து, அந்தக் கையின் சூடு உள்ளே பரவுவதாக நினைக்க வேண்டும். அலைமோதும் ஆறு அமைதியாக ஓடுவதுபோலக் குடலைக் கற்பனை செய்ய வேண்டும். வீட்டிலும் தினமும் ஒலிநாடா கேட்டுப் பயிற்சி. மூன்று மாதம் என்பது நம் பக்கத்து மல்லாட்டை விதைத்துப் பிடுங்கும் காலம். நடுவில் பிடுங்கினால் பருப்பு இருக்காது. கிடைத்த பலன் நிலைக்கவும் செய்கிறது: 2003இல் வந்த வோர்வெல் குழுவின் இன்னொரு ஆய்வில், குணம் கண்டவர்களில் 81 சதவீதம் பேர் ஒன்று முதல் ஐந்து ஆண்டு கழித்தும் நன்றாக இருந்தார்கள்.

பிறகு மான்செஸ்டரில் அமர்வுகள் 12 ஆயின. 448 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆறு அமர்வும் பன்னிரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. என்னைப் பொறுத்தவரை நமக்கு மிகவும் பயன்படும் முடிவு இதுதான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ ஒருவர் சிகிச்சைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆறு நாள் கூலி மிச்சமாவது சின்ன விஷயமில்லை. வீட்டில் கேட்கும் ஒலிப்பதிவுக்குச் செல்போனே போதும்.

எல்லாருக்கும் ஒரே வேகமும் கிடையாது. சிலர் எளிதில் ஆழ்ந்துவிடுவார்கள், சிலருக்குக் கொஞ்சமும் ஒட்டாது. ஸ்டான்ஃபோர்டில் 50 மாணவர்களிடம் இந்தத் தன்மையை அளந்து, 25 ஆண்டு கழித்து மறுபடி அளந்தபோது பெரிய மாற்றமில்லை. அதனால் இரண்டு மூன்று அமர்வில் எதுவுமே நடக்காதவர், “இன்னும் பத்து எடுங்கள்” என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டத் தேவையில்லை.

புகை, குடி விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். புகைப்பதை நிறுத்த ஹிப்னோதெரபி மற்ற வழிகளைவிட நன்றாக உதவுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றது, 14 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வமைப்பின் 2019ஆம் ஆண்டு அறிக்கை. குடி இதைவிட ஆபத்தானது. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், உளறல் வரும், வலிப்பு வந்து உயிரே போகலாம். இவரை மூன்று நாள் ஹிப்னோதெரபி முகாமுக்கு அனுப்புவது குற்றம் என்றே சொல்வேன். முதல் சில நாட்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாத குடும்பத்தார் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.