டீ பிரேக்கில் கிட்டார் கற்க முடியுமா? 15 நிமிடத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு!

முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கிய கிட்டார் உங்கள் வீட்டிலும் தூங்கிக்கொண்டிருக்கிறதா? என் அறையில் அது 2 வருஷம் பீரோ மேலே, உறைக்குள்ளேயே கிடந்தது.

சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. என் ஷிஃப்ட் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை. அறைக்கு வந்து சாப்பிட்டு முடிக்கவே 11 ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு கம்பியைத் தட்டினாலும் கீழே ஹவுஸ் ஓனர் வீட்டில் லைட் எரியும். காலையில் வாசிக்கலாம்தான். எழுந்தால்தானே! 'வீக் எண்டில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டு, துணி துவைத்து, தூங்கி, ஞாயிறும் முடிந்துவிடும்.

மிச்சமிருந்தது ஆபீஸ் பிரேக் மட்டும்தான். தினமும் 15 நிமிடம். இதில் என்னத்தைக் கற்றுக்கொள்ள முடியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஞாயிறு 2 மணி நேரமா, தினம் 15 நிமிடமா?

மொத்தமாக உட்கார்ந்து பயிற்சி செய்தால்தான் கை பழகும் என்று தோன்றும். ஆனால் கற்றல் பற்றிய ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன.

1978-இல் வெளியான ஒரு பிரபலமான ஆய்வு, பிரிட்டன் தபால்துறை ஊழியர்களுக்கு டைப்பிங் கற்றுக்கொடுத்ததைப் பற்றியது. ஆலன் பேட்லி, லாங்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஊழியர்களை 4 குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் 1 மணி நேரம் மட்டும் பயிற்சி. இன்னொரு குழுவுக்குத் தினம் 2 வேளை, வேளைக்கு 2 மணி நேரம். மற்ற இரண்டு குழுக்கள் நடுவில். விசைப்பலகை கைக்கு வர மிகக் குறைந்த மொத்த மணி நேரம் யாருக்குத் தேவைப்பட்டது? தினம் 1 மணி நேரம் பழகியவர்களுக்கு!

பயிற்சியைப் பிரித்துப் பிரித்துச் செய்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் இதன் சாரம். டைப்பிங்கும் கிட்டாரும் வேறு என்றாலும், இரண்டும் விரல்கள் ஒரு வரிசையைப் பழகும் வேலைதான்.

2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் செய்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். வலது கைப் பழக்கம் உள்ளவர்களிடம் இடது கையால் ஒரு எண் வரிசையை 10 விநாடி டைப் செய்யச் சொன்னார்கள். பிறகு 10 விநாடி ஓய்வு. மறுபடியும் டைப்பிங், மறுபடியும் ஓய்வு. தொடக்கத்தில் வேகம் கூடியது டைப் செய்யும்போது இல்லை, நடுவில் ஓய்வெடுத்தபோது! 2021-இல் வந்த அடுத்த ஆய்வு, அந்தச் சின்ன ஓய்வில் மூளை அதே வரிசையைச் சுமார் 20 மடங்கு வேகத்தில் தனக்குள் ஓட்டிப் பார்ப்பதைக் கண்டறிந்தது. இது விநாடிக் கணக்கிலான ஓய்வு. நம் டீ பிரேக்கோடு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கடினமான இடத்தை வாசித்துவிட்டு 10 விநாடி சும்மா இருப்பது வீண் இல்லை என்று தெரிகிறது.

அப்புறம் ஏன் முன்னேற்றமே இல்லாத மாதிரி இருக்கு?

இங்கேதான் பலரும் விட்டுவிடுகிறோம். நானும் முதல் மாதத்தில் விடப் பார்த்தேன்.

தபால்காரர் ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. குறைந்த நேரத்தில் கற்றுக்கொண்ட அந்த 1 மணி நேரக் குழுதான், தங்கள் பயிற்சி முறையில் இருப்பதிலேயே குறைவான திருப்தி உள்ள குழுவாகவும் இருந்தது. காரணம் எளிது. மணிக்கணக்கில் அவர்கள் முந்தினார்கள். நாள் கணக்கில் பிந்தினார்கள். பக்கத்துக் குழு வேகமாகப் போவதைப் பார்க்கும்போது, 'நாம தேங்கிட்டோம்' என்றுதானே தோன்றும்?

டீ பிரேக் பயிற்சியும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கும்போது எதையும் முடித்த மாதிரி இருக்காது. அந்த உணர்வை நம்பி முடிவெடுத்தால் கிட்டார் திரும்பவும் பீரோ மேலேதான் போகும். அதனால் உணர்வை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்.

நான் செய்தது இதுதான். 'சி' கார்டிலிருந்து 'எஃப்' கார்டுக்கு 1 நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணி, போனில் குறித்துவைத்தேன். ஆள்காட்டி விரலால் 6 கம்பிகளையும் ஒன்றாக அழுத்த வேண்டிய அந்த 'எஃப்', புதிதாகக் கற்கும் எல்லோரையும் அழவைக்கும் கார்டு. முதல் நாள் 4 முறை. மூன்றாவது வாரமும் 7-தான். ஆனால் 4-ஐவிட 7 அதிகம் என்பதை மனசு மறந்தாலும் போன் மறக்கவில்லை.

15 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

பிரேக்கில் உட்கார்ந்து 'இன்னைக்கு என்ன வாசிக்கலாம்' என்று யூடியூபைத் திறந்தால் கதை முடிந்தது. என்ன வாசிப்பது என்பதை முந்தைய நாளே முடிவு செய்துவிடுங்கள்.

* 1 நிமிடம்: ட்யூனர் ஆப்பில் சுருதி சேர்ப்பது.
* 3 நிமிடம்: ஒரே ஒரு கார்டு மாற்றம். டைமர் வைத்து எண்ணுங்கள்.
* 5 நிமிடம்: பாட்டில் தடுக்கும் அந்த ஒரு இடம் மட்டும். முதலிலிருந்து வாசிக்கத் தொடங்காதீர்கள். தெரிந்த பகுதியிலேயே நேரம் போய்விடும்.
* 2 நிமிடம்: பிடித்ததைத் தப்பும் தவறுமாக வாசியுங்கள். இதற்காகத்தானே வாங்கினோம்!
* 4 நிமிடம்: கிட்டாரை வைத்துவிட்டு நிஜமாகவே டீ குடியுங்கள்.

விரல் நுனிக்கும் இந்த அளவு நல்லது. எஃகுக் கம்பியில் நுனி வலிப்பது இயல்பு. தினம் கொஞ்சம் வாசித்தால் சில வாரங்களில் தோல் காய்த்துப் பழகிவிடும். ஆனால் மணிக்கட்டில் வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே 4 மணி நேரம் கீபோர்டில் தட்டிய கை அது.

ஆபீஸில் எங்கே வாசிப்பது?

நான் முதலில் தேர்ந்தெடுத்தது மாடிப்படி. பெரிய தப்பு. அங்கே ஒரு கார்டு அடித்தால் 3 மாடிக்கும் எதிரொலிக்கும். இரண்டாவது நாளே செக்யூரிட்டி அண்ணா வந்துவிட்டார். "சார், மேல ஏதோ மீட்டிங்காம். கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொன்னாங்க" என்றார். முகம் சுருங்கிவிட்டது. அன்று கிட்டாரை வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டேன்.

பிறகுதான் மேனேஜரிடம் நேராகவே கேட்டேன். "யாருக்கும் தொந்தரவு இல்லன்னா வாசிச்சுக்கோ" என்றார். இப்போது மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி நிழல். சத்தத்தைக் குறைக்க 2 வழிகள் உண்டு. கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கத்தில், கம்பிக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகலாம். அல்லது வலது கையை வைக்காமல் இடது கையால் மட்டும் கார்டு மாற்றிப் பழகலாம், சத்தமே வராது.

இன்னொன்று, கிட்டாரை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். சென்னை வெயிலில் ஒட்டுப் பசை இளகி, மரம் வளைந்துவிடும்.

கிட்டாரைக் கொண்டுபோகவே முடியாதா?

பீக் அவர் பஸ்ஸில் கிட்டாரோடு ஏறுவது எப்படியிருக்கும் என்று எனக்கும் தெரியும். கிட்டார் இல்லாமலும் பழகலாம். பியானோ பயிற்சியை வைத்து 1995-இல் வெளியான ஆய்வில், ஒரு குழு 5 நாட்கள் விரலை அசைக்காமல் மனதில் மட்டும் வாசித்துப் பழகியது. நிஜமாக வாசித்தவர்கள் அளவுக்கு வரவில்லை என்றாலும், அவர்களும் தெளிவாக முன்னேறினார்கள். கண்ணை மூடி, எந்த விரல் எந்தக் கம்பிக்குப் போகிறது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கே குழப்பம் வருகிறதோ, அதுதான் வீட்டில் பழக வேண்டிய இடம்.

பிரேக் எடுப்பது தப்பா?

இல்லவே இல்லை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே, 4 மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது 1 மணி நேர இடைவேளை என்கிறது. அது ஓய்வுக்கான நேரம். தலைவலியாக இருக்கிறதா, நண்பர் டீக்குக் கூப்பிடுகிறாரா? கிட்டார் ஒருநாள் காத்திருக்கட்டும். பயிற்சியையும் ஒரு டார்கெட் ஆக்கிக்கொண்டால், ஆபீஸுக்குள் இன்னொரு ஆபீஸ் திறந்த கதைதான்.

இது என் நாலாவது மாதம். 'சி'யிலிருந்து 'எஃப்'புக்கு 1 நிமிடத்தில் 26 முறை வருகிறது. பெரிய விஷயமில்லைதான். ஆனால் போன வாரம் ஒரு பாட்டின் பல்லவியை முதல்முறையாக நிற்காமல் வாசித்தேன். ரவுண்ட்ஸ் வந்த செக்யூரிட்டி அண்ணா தொட்டிப் பக்கம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், இன்னைக்குத்தான் அது என்ன பாட்டுன்னே தெரிஞ்சுது!"