அலைக்கு மேல் நாலைந்து மீட்டர்

1966 அக்டோபரில் காஸ்பியன் கடலிலிருந்து கிளம்பிய சோவியத் ஒன்றியத்தின் ‘கேஎம்’ ஊர்திக்கு 92 மீட்டர் நீளம். எடை 544 டன் வரை போகும். இறக்கையோ நுனிக்கு நுனி 38 மீட்டர்கூட இல்லை. இந்தக் குட்டை இறக்கையோடு மேகத்தைத் தொடும் எண்ணம் அதை வடிவமைத்த ரோஸ்டிஸ்லாவ் அலெக்ஸேயெவுக்கு இருந்ததே இல்லை. அலைக்குச் சில மீட்டர் மேலே ஓடினால் அவருக்குப் போதும்.

பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் கீழ்க்காற்று இறக்கையின் நுனியைச் சுற்றி மேலேறிச் சுழலாகிறது. விமானத்தைப் பின்னுக்கு இழுப்பதில் இந்தச் சுழலுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் அருகில் இருந்தால் சுழல் விரிய இடம் கிடைப்பதில்லை. இறக்கை நீளத்தில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் பறந்தால் இந்த இழுவிசை ஏறக்குறையப் பாதியாகும். இறக்கை நீளம் அளவுக்கே உயர்ந்துவிட்டால் மிச்சமாவது 1.4 சதவீதம்தான்.

இதுவரை லாபக் கணக்கு. வில்லங்கம் இனிமேல்தான்.

தூக்குவிசை செயல்படும் புள்ளி உயரத்துக்கு ஏற்ப நகரும். தண்ணீரை நெருங்கினால் அது பின்னே போகும், மூக்கு கவிழப் பார்க்கும். விலகினால் முன்னே வரும், மூக்கு தூக்கிக்கொள்ளும். மூக்கு தூக்கினால் ஊர்தி இன்னும் ஏறும். விமானி சுதாரிப்பதற்குள் குட்டிக்கரணம் அடித்துவிடக்கூடும். எனவே வடிவமைப்பாளர்கள் இரண்டு மையங்களைக் கணக்கிடுகிறார்கள். மூக்கின் சாய்வு மாறும்போது கூடும் விசைக்கு ஒன்று, உயரம் மாறும்போது கூடும் விசைக்கு இன்னொன்று. உயரத்தின் மையம் சாய்வின் மையத்துக்கு முன்னால் இருந்தால் ஊர்தி தானே நிலைக்கு வரும். கேஎம்மின் வாலில் கிடைமட்டத் தகடு அவ்வளவு பெரிதாக, அவ்வளவு உயரத்தில் இருந்தது இதற்காகத்தான். தண்ணீரின் பாதிப்பு எட்டாத காற்றில் இருந்தால்தான் அது இரண்டாவது மையத்தைத் தொந்தரவு செய்யாமல் முதலாவதைப் பின்னுக்குத் தள்ளும். ஜெர்மானியரான அலெக்சாண்டர் லிப்பிஷ் முக்கோண இறக்கையைத் திருப்பிப் போட்டு, சிறிய வாலிலேயே காரியத்தை முடித்தார். சிங்கப்பூரின் ‘ஏர்ஃபிஷ் 8’ அவர் வழியில் வந்தது.

இவற்றைச் சோதிப்பதும் லேசல்ல. காற்றுச் சுரங்கத்தில் மாதிரி அசையாமல் நிற்க, காற்றுதான் ஓடுகிறது. தரையும் அசையாமல் கிடந்தால் அதை ஒட்டிய காற்று தேங்கி, நிஜக் கடலில் இல்லாத ஒரு படலம் உருவாகும், அளவுகள் பொய்யாகும். அதனால் தரைக்குப் பதில் காற்றின் வேகத்திலேயே ஓடும் பெல்ட்டைப் போடுகிறார்கள். கணினியில் பாய்வைக் கணக்கிடும்போதும் தரை நகர்வதாகவே கொடுக்க வேண்டும். மாணவர்கள் இதை மறந்துவிட்டு, அழகான வண்ணப் படங்களோடு தப்பான விடையைக் கொண்டுவருவது சகஜம்.

2025இல் பெங்களூரு ஏரோ இந்தியா கண்காட்சியில், சென்னை ஐஐடியின் ஆதரவில் வளரும் வாட்டர்ஃப்ளை டெக்னாலஜீஸ் இதே வகையில் மின்சார ஊர்தித் திட்டம் ஒன்றை முன்வைத்தது. சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே 600 ரூபாய்க் கட்டணம் என்பது தலைப்புச் செய்தியானது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் கொந்தளிக்கும்போது எவ்வளவு உயரத்தில் ஓட வேண்டியிருக்கும், அந்த உயரத்தில் இழுவிசைச் சலுகை எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பொறுத்தே அந்த 600 ரூபாய் கட்டுப்படியாகுமா என்பது தெரியும்.