கிணற்று நீரில் கன உலோகம்: கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை

தாண்டிக்குடி வட்டாரத்தில் காப்பி, மிளகு, ஆரஞ்சு பயிரிடுவோர் பலர் ஊற்று, ஓடை, கிணற்று நீரையே நம்பியுள்ளனர். தண்ணீர் தெளிவாக இருந்தால் கெடுதல் இல்லை என்று எண்ணுவது தவறு. பாதரசம், காரீயம், காட்மியம் முதலிய கன உலோகங்கள் கெடுதல் செய்யும் அளவில் கலந்திருந்தாலும் நிறமோ ருசியோ காட்டுவதில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது.

கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியேறிய காரணத்தால் 2001-ல் மூடப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வில் ஏரி மீனிலும் பாதரசம் காணப்பட்டது. மலைக்குக் கீழே, திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பல கிணறுகள் தோல் ஆலைக் கழிவுநீரால் கெட்டன.

தோட்டத்திலும் கவனம் தேவை. போர்டோ கலவைக்குச் சேர்க்கும் 1 கிலோ மயில்துத்தத்தில் சுமார் கால் கிலோ தாமிரம் உள்ளது. இது பெரும்பாலும் மேல்மண்ணில் தங்கிவிடும்; பெருமழையில் மண்ணோடு ஓடைக்கு வரும். ஆகவே கிணறு, ஊற்று அருகில் மருந்து கலக்கவோ தெளிப்பானைக் கழுவவோ கூடாது.

வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனை உப்பு, கார அமில நிலை ஆகியவற்றையே காட்டும். கன உலோகம் பார்க்க வேண்டுமெனத் தனியாகக் கேட்க வேண்டும். திண்டுக்கல்லிலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில், இப்பரிசோதனை எங்கே செய்யப்படும், கட்டணம் எவ்வளவு என்று முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

மாதிரி எடுக்கும் முறை:

1. பழைய சோடா பாட்டில் உதவாது. ஆய்வுக்கூடத்திலேயே பாட்டில் பெற வேண்டும். பாதரசத்துக்குத் தனிப் பாட்டில் தேவை.

2. பாட்டிலில் அமிலம் விட்டுக் கொடுத்திருந்தால் அதைக் கொட்டவோ கழுவவோ கூடாது. கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உலோகம் பாட்டிலில் ஒட்டாதிருக்கவே அமிலம் விடப்படுகிறது.

3. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பின் பிடிக்க வேண்டும். ஊற்றானால் நீர் வெளிவரும் இடத்திலேயே பிடிக்கலாம்.

4. பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி எழுதி ஒட்டித் தாமதமின்றிச் சேர்ப்பிக்க வேண்டும்.

கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் பார்ப்பது நல்லது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்குப் பாதரசம் 0.001, காட்மியம் 0.003, காரீயம் 0.01, குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. அளவு மிஞ்சினால் மறுமுறை பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.