கம்பெனியின் மனம் எங்கே?

கம்பெனிக்கு மனம் உண்டா? அமெரிக்க நியாயஸ்தலங்கள் இன்றும் இக்கேள்வியுடன் மல்லாடுகின்றன. பொய்யறிக்கையை நம்பிப் பங்கு வாங்கி மோசம் போனவர், 1934-ம் வருஷச் சட்டப்படி வழக்காடினால், வெறும் அஜாக்கிரதையை ருஜுப்பித்தால் போதாது, வஞ்சக எண்ணமே வேண்டுமென்று ஸுப்ரீம் கோர்ட் 1976-ல் தீர்ப்பளித்தது. அது நியாயமே. ஆனால் 1995-ம் வருஷச் சட்டமோ, அவ்வெண்ணத்தைப் பலமாக ஊகிக்கத்தக்க விவரங்களைப் பிராதிலேயே கேட்கிறது. தள்ளுபடி மனு தீரும்வரை கம்பெனியின் தஸ்தாவேஜுகளைப் பார்வையிடவும் பொதுவாக இடங்கொடுப்பதில்லை. பெட்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைச் சொல் என்பதா?

குமாஸ்தா கணக்கை அறிவான், பேசமாட்டான். தலைவர் பேசுவார், கணக்கை அறியேன் என்பார். இந்தத் தந்திரத்தை வக்கீல்களாகிய நாம் நன்கறிவோம்! சிக்காகோ அப்பீல் கோர்ட்டில் நீதிபதி போஸ்னர் 2008-ல் ஓர் உதாரணம் கூறினார்: ஒரு வண்டியும் விற்காத மோட்டார் கம்பெனி, பத்து லட்சம் விற்றதாக அறிவித்தால், எழுதியவர் இன்னாரென்று தெரியாவிடினும் கம்பெனியின் வஞ்சகம் ஊகிக்கத்தக்கதே. மேலதிகாரிகள் அறியாமல் அத்தகைய அறிவிப்பு வெளிவராது. சரிதான். ஆனால் அவ்வளவு பெரிய பொய்யை யார் சொல்கிறார்கள்? சிறு பொய்யே வழக்கம். ஆகையால், அறிக்கையைத் தயாரித்தவர் யார், சம்மதித்தவர் யார் என்று காட்டும் தஸ்தாவேஜுகளையாவது ஆரம்பத்திலேயே வாதிக்குத் திறந்துவிட வேண்டுமென்போம்.